ஒத்தையாள் சரக்கு

குழந்தைவேலு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். துவரம்பருப்பு, தீப்பெட்டி, தோசை மாவு, கலாமணிக்குச் சிவப்பு ரீஃபில். பையை உதறிப் பார்த்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். மறுபடியும் உதறினார்.

"என்னத்தத் தேடறீங்க?" அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த கலாமணி தலை நிமிராமல் கேட்டாள்.

"தேடலை. மனசு கேக்காம ஒதறுறேன். என்ர இஞ்சி மொரப்பாவத் தூக்கிட்டாங்க புள்ள."

"ஆரு?"

"கடையிலதான். பில் போடற எடத்துக்குப் பக்கத்துல ஒரு கொக்கி இருக்குமில்ல, அதுல எப்பவும் தொங்கும். இன்னைக்குப் போனா நாய் பிஸ்கட்டு தொங்குது. நம்ம வீதியில நாய் வெச்சிருக்கறதே ரெண்டு வூடு. வருசக்கணக்கா வாங்கறவன் எனக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"நாய்க்குச் சக்கரை வராது, உங்களுக்கு வரும். கடைக்குத் தெரிஞ்சிருக்குது."

"அந்த ஆரிஃபா புள்ளகிட்டக் கேட்டேன். 'எனக்கே தெரியலீங்கண்ணா, கம்ப்யூட்டர்ல நிரவி எடுக்கச் சொல்லிருச்சு'ங்குது. நாளைக்குக் கடைவீதிக்குப் போய் வாங்கிக்கறேன்." கட்டைவிரலால் நெஞ்சுக்குழியை அழுத்தி ஓர் ஏப்பத்தை வரவழைத்தார். "இந்த வாயு வேற."

"ஓமத்தண்ணி வெச்சுத் தர்றேன், இருங்க."

இஞ்சி மொரப்பாவில் பாதி இஞ்சி என்றால் பாதி சர்க்கரை. டாக்டர் எச்சரித்த பிறகும் அவர் பாக்கெட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தான் சொல்லிக் கேட்காததை ஒரு கொக்கி செய்து முடித்துவிட்டது என்று கலாமணிக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தக் கடைக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஓமத்தைக் கொதிக்க வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பின்பக்கப் படியில் உட்கார்ந்தார். கலாமணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேல்தொட்டி நிரம்பி, சன்னலுக்கு வெளியே தண்ணீர் தாரையாக இறங்க ஆரம்பித்தது.

"மோட்டார அமத்துங்க, தண்ணி போவுது."

தண்ணீர் நிற்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. வெளியே வந்து பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து, வழிகிற தண்ணீரை வேடிக்கை பார்ப்பவர்போல இருந்தார். கலாமணி முதலில் மோட்டாரை அமர்த்தினாள். அதற்குப் பிறகுதான் அவரைத் தொட்டாள். ஏன் அந்த வரிசையில் செய்தோம் என்று அவளால் பிற்பாடு சொல்ல முடிந்ததே இல்லை.

*

கருமாதி முடிந்தது. ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் வானதி, "எங்கூடவே வந்துரும்மா" என்று கிளம்புகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்று கலாமணி அனுப்பிவைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நூலகத்துப் புத்தகமானாலும் செய்தித்தாளானாலும் கையில் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கத் தெரியாது. அந்த வாரம் பேனாவையும் தொடவில்லை, தாளையும் தொடவில்லை. பால் தீர்ந்துபோனதால் கடைக்குப் போனாள்.

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டி நந்தவனம் நகர் உருவானபோதே அந்தக் கடையும் வந்துவிட்டது. கையருகு என்று பெயர். ஊருக்கு வெளியே விமான நிலையம்போல விரிந்து கிடக்கும் பெரிய கடைகளின் குட்டி இது. ஒரு பள்ளி வகுப்பறை அளவு இடம். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை முன்பெல்லாம் ஆட்கள் தீர்மானித்தார்கள். இப்போது நிரவி என்ற மென்பொருள் தீர்மானிக்கிறது. அது சொன்ன சரக்கு விடியலில் ஆளில்லாத வண்டியில் வந்து இறங்கும். கடைப் பொறுப்பாளர் ஆரிஃபா அது சொன்ன இடத்தில் அடுக்குவாள்.

கலாமணி ரேக்குகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். அரை லிட்டர் பால் இருந்தது. ஒரே ஓர் ஆள் இரண்டு தோசை சுடுவதற்கான மாவுப் பொட்டலம் இருந்தது. அரைக்கிலோ அரிசி, உள்ளங்கை அகலத்தில் பருப்புப் பொட்டலம், நான்கே துண்டுள்ள ரொட்டி. வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை இந்தக் கடை கேட்டு, பதிலையும் எடுத்து வைத்திருப்பதுபோல் இருந்தது.

பில் போடும் இடத்தில் ஆரிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, எனக்கு ஒத்த ஆளுக்கு எவ்வளவு வேணும்னு எனக்கே தெரியலை. நீ நெனச்சு வெச்சிருக்கறே பாரு. நல்லா இருப்பே."

ஆரிஃபாவின் முகம் மாறியது. "நான் வெக்கலீங்க டீச்சரக்கா."

"பின்னே?"

"அதெல்லாம்... அண்ணன் இருக்கறப்பவே வந்துருச்சுங்க. மாவு விக்காமத் தேதி முடிஞ்சு திருப்பி அனுப்புனேன். மறுபடியும் அனுப்பிச்சு. தனியாளு வூடே இல்லாத ஏரியாவுக்கு இதெதுக்கு வருதுன்னு நானே அண்ணன்கிட்டக் கேட்டேன். 'ஆராச்சும் புதுசாக் குடி வருவாங்க புள்ள'ன்னு சிரிச்சாருங்க."

கலாமணி கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கொக்கியில் நாய் பிஸ்கட் ஆடிக்கொண்டிருந்தது.

"மொரப்பாவ எப்ப எடுத்தாங்க?"

"அதே சமயந்தானுங்க." ஆரிஃபா குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தையாள் சரக்குன்னு நாங்க சொல்லுவோமுங்க. ஒவ்வொரு வூட்டுக்கும் அவங்க மட்டும் வாங்கற ஒண்ணு இருக்கும். அது கெடைக்கலீன்னா மொத்தச் சாமானுக்கும் வேற கடைக்குப் போயிருவாங்க. அதனால நிரவி அந்த ஒண்ண மட்டும் விடாம வெச்சிருக்கும். உங்களுக்குச் சிவப்பு ரீஃபிலு. லாரி அர்ஜுனண்ணனுக்குக் கறுப்புப் பல்பொடி. அண்ணனுக்கு மொரப்பா. கடைசியில அண்ணன் நெறைய வாங்குனாருங்க. ஒரு கொக்கி பத்தாம ரெண்டாவது கொக்கி போடச் சொல்லுச்சு. நல்லா விக்குதுன்னு எனக்குக்கூடச் சந்தோஷம். அப்பறம் ஒரே நாள்ல ரெண்டையும் எடுக்கச் சொல்லிருச்சு."

"என்ன காரணம்னு போட்டிருந்துச்சு?"

"காரணமெல்லாம் போடாதுங்க. எடு, வை. அவ்வளவுதான் வரும்."

கலாமணி பாலை மட்டும் எடுத்துக்கொண்டாள். அரை லிட்டரைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு லிட்டர்.

*

ஈரோட்டு அலுவலகத்தில் ஒருவரைப் பார்க்க அவளுக்குப் பல தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. பேசியவர்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் நவநீதன் என்பவர் வரச் சொன்னார். சிறு கடைகளின் ரேக்குகளுக்கு அவர்தான் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். களைத்த முகம்.

அவர் அவளை மாதிரிக் கடைக்குள் கூட்டிப்போனார். அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கையருகு. அதே ரேக்குகள், அதே கொக்கிகள். சரக்குக்குப் பதில் வண்ணக் காகிதம் சுற்றிய வெற்று அட்டைப் பெட்டிகள்.

"உக்காருங்கம்மா. நீங்க கேட்டதுனால உங்க கடைப் பதிவ எடுத்துப் பார்த்தேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நிரவிக்குச் சாவுன்னா என்னன்னு தெரியாதுங்க. யார் என்ன வாங்க மாட்டாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். வீடு மாத்தறவங்க, கல்யாணமாகிப் போறவங்க, கடன் தொல்லையில ஊரை விட்டுப் போறவங்க, எல்லாமே அதுக்கு ஒண்ணுதான்."

"எங்க வூட்டுக்காரர் வாங்க மாட்டார்னு எப்படித் தெரிஞ்சுது தம்பி?"

நவநீதன் ஒரு காகிதப் பெட்டியை எடுத்துக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "கடைவாசல் சரிவுல ஏறறதுக்கு முன்னாடி நின்னு ஏறியிருக்காரு. முன்ன அப்படி நிக்கமாட்டாரு. கீழ்த்தட்டுல இருக்கறதைக் குனிஞ்சு எடுக்கறதை விட்டுட்டாரு. பைய எடது கையிலேர்ந்து வலது கைக்கு மாத்திட்டாரு. அப்பறம் அந்த மொரப்பா. ஓமவாட்டர், சோடா, மொரப்பா மூணும் சேர்ந்து ஏறற வீட்டுல..." நிறுத்திக்கொண்டார்.

"எங்க பக்கம் நெஞ்சு வலிச்சா வாயுன்னுதான் சொல்லுவோம்."

"அது நிரவிக்குத் தெரியுங்க. நம்ம ஜனங்க வாயுன்னு சொல்லி என்னென்ன வாங்குவாங்கன்னு அதுக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு?"

"எனக்கு எடு, வை ரெண்டும் வரும். ஆயிரத்துச் சொச்சம் கடைக்கும் சேர்த்து வரும். அதுல இது ஒரு வரி."

"சரி. வூடு மாத்தறவங்களும் செத்துப்போறவங்களும் ஒண்ணுங்கறீங்க. அப்ப அரைக்கிலோ அரிசி எதுக்கு வந்துச்சு?"

நவநீதன் பெட்டியைக் கீழே வைத்தார்.

"வூடு மாத்தியிருந்தா நானும்தானே போயிருப்பேன்? அவரு வாங்க மாட்டாரு, நான் வாங்குவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. அதுக்கு வேற என்ன பேரு தம்பி?"

அவர் அந்தப் பெட்டியை மறுபடியும் ரேக்கில் அடுக்கினார். "ஒருத்தர் குறைஞ்சா மிச்சம் இருக்கறவங்க என்ன வாங்குவாங்கன்னும் பார்க்குங்க. சின்னக் கடையில ஒரு சாண் இடமும் வீணாகக் கூடாது. அதுக்காகத்தான் அதைச் செஞ்சோம்."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

"ஒரு ஊர்ல சொல்லிப் பார்த்தோம்மா. பேரைச் சொல்லலை. பில்லோட ஒரு துண்டுச்சீட்டு, உடம்பைப் பரிசோதிச்சுக்கோங்கன்னு. ஒரு பையனுக்கு அது போச்சு. அவனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. யாருக்கும் சொல்லாம துபாய்க்குக் கிளம்பிட்டிருந்தான். கடையே சீக்காளின்னு சொல்லிருச்சுன்னு பொண்ணு வீட்டுல கல்யாணத்தை நிறுத்திட்டாங்க. அப்பறம் அந்தக் கடைக்கு யாரும் போகலை. பில்லை வாங்கறதுக்கே பயந்தாங்க. மேலிடத்துல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, நாம வைத்தியர் இல்லை, வாயைத் திறக்கக் கூடாதுன்னு. சொன்ன ஊழியருக்கு வேலை போகும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று கலாமணிக்குப் பட்டது. அதுவே அவளை அதிகம் சோர்வாக்கியது. கோபப்படவாவது ஒரு முகம் கிடைக்கும் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

"வாயைத் தெறக்க வேண்டாம்," என்றாள். "ஒத்தையாள் சரக்க எடுத்தா அந்த எடத்த உடனே ரொப்பாதீங்க. கொஞ்ச நாள் காலியா விடுங்க. அக்கம்பக்கம் இருக்கறவங்களுக்கு அது ஆரோடதுன்னு தெரியும். நாங்க பாத்துக்கறோம்."

"காலி இடந்தாங்கம்மா எங்களுக்குப் பெரிய குத்தம்."

அவள் எழுந்துகொண்டாள். கதவருகே நின்று கேட்டாள், "உங்க வூட்டுக்குப் பக்கத்துல இந்தக் கடை இருக்குதா தம்பி?"

"பெருந்துறையில அப்பா வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்குதுங்க."

"கடைக்கு ஆரு போறது?"

"அப்பாதான். தனியாத்தான் இருக்காரு."

"அவரோட ஒத்தையாள் சரக்கு எது?"

நவநீதன் வாயைத் திறந்தார். அவருக்கு அது தெரியாது.

*

ஊருக்குத் திரும்பியதும் ஆரிஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம் கண்ணு. கொக்கியக் காலியா விட்டாப் போதும்."

"கேமரா பாக்குமுங்கக்கா. என்ர வேலை போச்சுன்னா ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு நான் எங்க போவேன்?"

கலாமணி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஒரு லிட்டர் பால், பெரிய மாவுப் பொட்டலம் என்று இரண்டு பேருக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். மிஞ்சியதைத் தெருவில் யாருக்காவது கொடுத்தாள். சின்னப் பொட்டலங்கள் ரேக்கிலேயே காத்திருந்தன. அவற்றுக்கு அவசரம் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் ஒருநாள் காலை கடைக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். நாய் பிஸ்கட் போய்விட்டிருந்தது. பில் போடும் இடத்துக் கொக்கியில் எதுவும் இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. ரேக்கில் சரக்குக்கு முன்னால் செருகுகிற சின்ன விலை அட்டை. துளையிட்டு மாட்டியிருந்தது. கறுப்புப் பல்பொடி.

ஆரிஃபா குனிந்து பைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த பைகள்.

"இந்த வருசம் இப்பவே வெயில் கொளுத்துதுங்க டீச்சரக்கா," என்றாள், நிமிராமலே.

"ஆமா சாமி," என்ற கலாமணி எதையும் வாங்காமல் வெளியே நடந்தாள்.

லாரி அர்ஜுனன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வேப்பங்குச்சியும் இல்லாமல் பிரஷ்ஷும் இல்லாமல் பல்பொடிதான் என்று பிடிவாதம் பிடிக்கிற கடைசி மனிதர். அவருக்குப் பயந்துதான் தெருவில் யாரும் பல்பொடியைப் பற்றிச் சிரிப்பதில்லை.

"அண்ணா, கெளம்புங்க. ஆசுபத்திரிக்குப் போலாம்."

"ஆருக்கு என்னாச்சுங்க டீச்சர்?"

"உங்களுக்குத்தான். உங்க பல்பொடியக் கடையிலேர்ந்து எடுத்துட்டாங்க."

அர்ஜுனன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புருஷன் போன துக்கம் இப்படியும் ஆளை ஆக்குமா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "பல்லெல்லாம் கெட்டியாத்தான் இருக்குதுங்க," என்றார் பணிவாக. "வேணும்னா கடிச்சுக் காட்டட்டுமா?"

"கடிக்க வேண்டாம். சட்டையப் போடுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜா வந்தாள். "கூட்டிட்டுப் போங்க டீச்சர். கொஞ்ச நாளா ரெண்டு தலகாணி வெச்சு உக்காந்தமானிக்கே தூங்கறாரு. கேட்டா வாயுங்கறாரு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கலாமணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வந்தாத்தான் எந்திரிப்பேன்," என்றாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகவே அர்ஜுனன் சட்டையைத் தேடினார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி உடனே படுக்கவைத்துச் சரிசெய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கிய வாக்கியத்தைச் சரோஜா முடிக்க விடவில்லை. வீடு திரும்பிய அர்ஜுனன் நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார்.

"என்ர பல்பொடி எங்கம்மா? நான் செத்துப்போவேன்னு நெனச்சு எடுத்துட்டீங்களா? நல்லாப் பாத்துக்கோ, நின்னுட்டிருக்கேன்!"

"பாத்தேனுங்கண்ணா," என்றாள் ஆரிஃபா. கேமரா இருந்ததால் அழாமல் சொன்னாள்.

அதன்பிறகு அந்தக் கொக்கியில் இன்னும் சில அட்டைகள் தொங்கின. யாரும் யாரிடமும் விளக்கவில்லை. நந்தவனம் நகரில் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பக்கம் திரும்புவது என்று வழக்கமாகிவிட்டது. அட்டையில் இருப்பது யாருடைய சரக்கு என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்திக்கு ரத்தம் குறைந்து கிடந்தது தெரிந்தது. இன்னொரு வீட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பையன் பெற்றவர்களிடம் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு, எங்காவது போய்விடலாம் என்று இருந்தான். அவனோடும் யாரோ உட்கார்ந்து பேசினார்கள்.

வாங்க மாட்டார் என்று நிரவி முடிவுகட்டிய ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து நின்று வாங்கினார்கள். கடைகளின் கணிப்பு வரிசையில் நந்தவனம் நகர் அடிமட்டத்துக்குப் போனது. கணிக்க முடியாத கடையை மூடிவிடுவது நிறுவனத்தின் வழக்கம்.

*

நவநீதன் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். அன்று கலாமணியும் கடையில் இருந்தாள். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ரேக் ரேக்காக நடந்தார். எங்கும் நிற்கவில்லை. பில் போடும் இடத்துக்கு வந்து நின்றார். கொக்கியில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏன் காலியா இருக்குது?"

ஆரிஃபா பில் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "கொக்கி ஆடுதுங்க சார். சரக்கு மாட்டுனா விழுந்துருது."

"அட்டை?"

"அதுதான்... தொங்குதான்னு சோதிச்சுப் பாக்கறேனுங்க சார்."

இதைவிடக் கேவலமான ஒரு பொய்யைக் கலாமணி தன் வகுப்பறையில்கூடக் கேட்டதில்லை.

நவநீதன் கையை நீட்டிக் கொக்கியைப் பிடித்தார். இழுத்தார். பக்கவாட்டில் அசைத்தார். சுவரோடு வார்த்ததுபோல் அது இம்மியும் அசையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஆமா," என்றார். "ஆடுது."

கைக்கருவியில் எதையோ தட்டிப் பதிந்தார். "கொக்கி பழுது, சரக்கு மாட்டக் கூடாதுன்னு போட்டுட்டேன். மாத்தறதுக்கு ஆள் வரும்னும் போட்டிருக்கேன். ஆள் எப்ப வரும்னு போடலை. பழுதான கொக்கி இருந்தா கணிப்பு தப்பும். அதனால இந்தக் கடைய இனிமே அந்த வரிசையில சேர்க்க மாட்டாங்க, மூடவும் மாட்டாங்க." ஆரிஃபாவைப் பார்க்காமல் சொன்னார், "நீங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லலை. இல்லீங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்."

வாசல்வரை அவரோடு கலாமணி நடந்தாள். வண்டியில் ஏறப் போனவர் நின்றார்.

"பன்னீர் சோடாங்க," என்றார்.

"என்னது தம்பி?"

"எங்கப்பாவோடது. நீங்க கேட்டுட்டுப் போனப்பறம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரு கொக்கி ஆடுதுன்னு போன வாரந்தான் எழுதிக் குடுத்தேன்."

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கலாமணி குடையை மடக்கியபடி கடைக்குள் வந்தாள். வழக்கம்போல முதலில் கொக்கியைப் பார்த்தாள். சிவப்பு ரீஃபில்.

இந்தத் தடவை ஆரிஃபா பையை மடிக்கவில்லை. கண் கலங்கியிருந்ததை மறைக்கவும் இல்லை. நேராகப் பார்த்தாள்.

"மழையில நனையாதீங்க டீச்சரக்கா," என்றாள்.

"ஒரு ஆட்டோ சொல்லு சாமி," என்றாள் கலாமணி. குரல் அவளே ஆச்சரியப்படும் அளவுக்கு நிதானமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆரிஃபாவின் தம்பியும் அர்ஜுனனும் கூட வந்தார்கள். அர்ஜுனன் வழி நெடுக, "ஒண்ணும் வலிக்காதுங்க, நான் இருக்கறனில்ல" என்று பழைய நோயாளியின் கெத்தோடு சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை நான் பார்த்தே நாளாச்சு. எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தாள். கடைசியாகக் கடையில் என்னவெல்லாம் வாங்கினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அந்துருண்டை. பெட்டிக்கு ஒரு பூட்டு. கயிறு. பருப்பு தீர்ந்து வாங்காமலே விட்டிருந்தாள். மாவை எப்போது சின்னப் பொட்டலமாக மாற்றினாள் என்று தெரியவில்லை. குழந்தைவேலுவின் சட்டைகள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து பெட்டிக்குப் போயிருந்தன. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கிடந்தது. வானதி தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அவள் "பாக்கலாம்" என்றுதான் சொல்லியிருந்தாள். பொய் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அவளுடைய கைகள் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டிருந்தன. அவளுக்கு முன்னால் அது கடைக்குத் தெரிந்திருந்தது.

ஓசூரில் என்ன செய்வது என்று யோசித்தாள். பின்பக்கப் படி அங்கே இருக்காது. அது நல்லதா கெட்டதா என்று வெகுநேரம் முடிவு செய்ய முடியவில்லை. மழை விட்டது. மேல்தொட்டி காலியாக இருப்பது நினைவுக்கு வந்து, எழுந்துபோய் மோட்டாரைப் போட்டாள். படியில் உட்கார்ந்து, தொட்டி நிரம்புகிற வரை காத்திருந்து, முதல் சொட்டு வழிவதற்குள் அமர்த்தினாள்.

மறுநாள் கடைக்குப் போய், "உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஊரை விட்டும் போகலை. ஒரு ரீஃபில் குடு," என்றாள்.

"இல்லீங்களே டீச்சரக்கா, எடுத்துட்டாங்களே!"

"அப்ப நாளைக்கும் வந்து கேப்பேன்."

கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். கேட்டும் கிடைக்காமல் ஓர் ஆள் எத்தனை தடவை வந்து நிற்கிறார் என்பது நிரவிக்கு முக்கியம். வாரம் முடிவதற்குள் சிவப்பு ரீஃபில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அர்ஜுனனின் கறுப்புப் பல்பொடி அதற்கு மேல்தட்டில் இருக்கிறது. பில் போடும் இடத்துக் கொக்கியை மாற்றுவதற்கு இன்னும் ஆள் வரவில்லை.

இஞ்சி மொரப்பா மட்டும் அந்தக் கடையில் கிடைப்பதில்லை.